தேடுபெட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பணியாற்றும் இளம் சட்டத்தரணி நான். படுவான்கரையைச் சேர்ந்த பெண்ணொருவரின் பிரச்சினை எங்கள் கைக்கு வந்திருக்கிறது. அவருடைய தந்தைக்கு எல்.டி.ஓ. பெர்மிட்டில் (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தரும் அனுமதிப்பத்திரத்தில்) மூன்று ஏக்கர் வயல் இருந்தது. தந்தை 2015இல் காலமானார். அதன் பிறகு வயலைச் செய்வித்து வந்த தாய் 2023இல் காலமானார். இவர்தான் மூத்த பிள்ளை. ஆனால் தம்பி, "ஆண்பிள்ளைக்கே முதலுரிமை, அதோடு பத்து வருடமாக வேலை செய்தவனும் நானே" என்று வயலை எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெற்ற சட்டத் தேடல் தளம் ஒன்று உண்டு. இலவசத் தளங்களையும் பார்த்தேன். நூற்றுக்கணக்கான முடிவுகள் வந்தன. தாய்க்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக என்கிறது ஒன்று. சீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கில்லை என்கிறது இன்னொன்று. பத்து ஆண்டு ஆட்சியில் இருந்தவருக்கே, அதாவது காணியைத் தன் கைவசம் வைத்திருந்தவருக்கே, காணி என்கிறது வேறொன்று. மகன்களில் மூத்தவருக்கு என்கிறது மற்றொன்று. எங்கள் மூத்தவரோ, "கட்டுக் கட்டாக வேண்டாம், பொருந்துகிற ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்கிறார். எப்படித் தேடுவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கிடைத்த நான்கு விடைகளையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பலர் தமக்குச் சாதகமான ஒன்றை மட்டும் அச்செடுத்துக்கொண்டு நீதிமன்றம் போய்விடுகிறார்கள். எதிர்த்தரப்பு மற்றைய மூன்றையும் எடுத்து வைக்கும்போது வாயடைத்து நிற்கிறார்கள்.

அந்த நான்கு விடைகளும் சட்டப் புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் அவை வேறு காணிகளுக்கும் வேறு குடும்பங்களுக்கும் வேறு காலத்துக்கும் உரியவை. நீங்கள் தட்டச்சு செய்த சொற்கள் எந்தப் பக்கங்களில் இருந்தனவோ அந்தப் பக்கங்களைத் தளம் எடுத்துத் தந்தது. வயல் எந்த வகைக் காணி, குடும்பம் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது, யார் எந்த ஆண்டில் இறந்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவற்றை நீங்கள்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கணினியைத் திறப்பதற்கு முன்பு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவற்றை எழுதிவிட்டால், உங்கள் நான்கு விடைகளில் மூன்று அந்தத் தாளிலேயே விழுந்துவிடும்.

காணியின் வகையிலிருந்து தொடங்குங்கள். உறுதிப்பத்திரத்தோடு தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அரச காணியா? உங்கள் கட்சிக்காரரின் வயல் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அந்தக் கட்டளைச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, இப்படி வழங்கப்பட்ட காணிக்கு வேறெந்த வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. "தாய்க்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதி" என்ற விடை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. இதே குடும்பத்துக்குக் கல்லாற்றில் ஓர் உறுதிக் காணி இருந்திருந்தால் அது சரியான விடை. பெர்மிட் வயலுக்கு அது செல்லாது.

சீதனம் பற்றிய விடை தேசவழமையிலிருந்து வந்தது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டம். மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. நமக்குப் பொதுச் சட்டமே. ஆனால் தேடுபெட்டியில் தமிழர், சீதனம், வாரிசு என்ற சொற்களை இட்டால் யாழ்ப்பாண வழக்குகள்தான் வந்து குவியும், ஏனென்றால் மேல்முறையீட்டு அறிக்கைகளில் அந்த வழக்குகள் அவ்வளவு ஏராளம். மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் வழமை பற்றிய 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளும் இடையில் தலைகாட்டும். ஆர்வத்துக்கு வாசிக்கலாம், வாதத்துக்கு எடுக்க வேண்டாம். நாளைக்கே காத்தான்குடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ ஒரு முஸ்லிம் குடும்பம் உறுதிக் காணிப் பிரச்சினையோடு வரலாம். அப்போது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குவீர்கள். நம் மாவட்டங்களில் ஒரே தெருவில் இரண்டு வாரிசுரிமைச் சட்டங்கள் வாழ்கின்றன. ஆகவே ஆளுக்குப் பொருந்தும் சட்டம் எது என்ற கேள்வியைத் தாளின் இரண்டாவது வரியில் எப்போதும் எழுதுங்கள்.

பத்து ஆண்டு ஆட்சி என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அரசின் உரிமையை அந்தக் கட்டளைச் சட்டம் தொடுவதில்லை. பெர்மிட் காணியை வெறும் ஆட்சியால் ஒருவர் தனதாக்கிக்கொள்வதைக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் தடுக்கிறது. எனவே தம்பியின் "பத்து வருடம்" என்ற வாதத்துக்கான தேடலில் அரை நாளைச் செலவழிக்க வேண்டியதில்லை.

மிஞ்சுவது நான்காவது விடை. இதில்தான் நீங்கள் உண்மையில் ஏமாந்திருப்பீர்கள், ஏனென்றால் இது சரியான சட்டத்திலிருந்தே வந்திருக்கிறது.

பெர்மிட்காரர் இறந்தால், பெயர் குறிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிரோடிருக்கும் வாழ்க்கைத் துணைக்கு முதலில் உரிமை போகிறது என்பது 48அ பிரிவு. துணைக்குப் பிறகு, பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் (அடுத்துக் காணியைப் பெறுபவர்) வருகிறார். அப்படி ஒருவர் இல்லையென்றால் 72ஆம் பிரிவு நம்மை மூன்றாம் அட்டவணைக்கு அனுப்புகிறது. அந்த அட்டவணையின் பழைய பாடத்தில் மகன்கள் முதல் வரிசை, மகள்கள் இரண்டாம் வரிசை. பேரன், பேத்தி, தந்தை, தாய் என்று பட்டியல் முழுவதிலும் ஆணுக்குப் பிறகே பெண். ஒரே வரிசையில் பலர் இருந்தால் வயதில் மூத்தவருக்கு. நமது பிரதேசத்தில் எத்தனை பெண்கள், தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்துவிட்டு, இந்த ஒரு பட்டியலால் வயலை இழந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. நீங்கள் வாசித்தது அந்தத் திருத்தத்துக்கு முந்திய பாடம்.

இலவசத் தளங்களில் சட்டங்கள் பெரும்பாலும் இயற்றப்பட்ட உருவில், அல்லது பழைய தொகுப்பொன்றின் உருவில் இருக்கும். திருத்தச் சட்டங்கள் தனித்தனி ஆவணங்களாக வேறிடத்தில் கிடக்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டது, 1981இல் திருத்தப்பட்டது, பிறகும் திருத்தப்பட்டது. தளம் இவற்றை ஒன்றுசேர்த்துத் தரும் என்று நம்பியிருக்க வேண்டாம். கட்டணத் தளங்கள்கூட எந்த நாள் வரைக்குமான பாடம் இது என்பதைப் பக்கத்தின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த மூலையை முதலில் பாருங்கள். பிறகு அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்திலும் நாடாளுமன்றத் தளத்திலும் சட்டத்தின் பெயரோடு "திருத்தம்" என்ற சொல்லைச் சேர்த்து, அண்மை ஆண்டிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். கிடைத்த திருத்தங்களை அச்செடுத்த மூலப் பிரதியில் உங்கள் கையாலேயே குறியுங்கள். இந்த வேலை அலுப்பானதுதான். ஆனால் ஒருமுறை குறித்த பிரதி பல ஆண்டுகளுக்கு உங்களோடு வரும். கிழக்கில் காணி வழக்குச் செய்யும் ஒருவருக்கு இந்தக் கட்டளைச் சட்டத்தின் அப்படிப்பட்ட பிரதி கட்டாயம் வேண்டும்.

திருத்தச் சட்டம் கைக்கு வந்தால் கடைசி வரிவரை வாசியுங்கள். எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, ஏற்கெனவே நடந்த மரணங்களுக்கும் தொடங்கிவிட்ட நடவடிக்கைகளுக்கும் என்ன சொல்கிறது, எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். தந்தை திருத்தத்துக்கு முன்பு இறந்திருக்கிறார், தாய் பின்பு. உரிமை பின்னுரித்தாளருக்குத் திரும்புகிற கணம் எது, தந்தையின் மரணமா, தாயின் மரணமா? இதுதான் உங்கள் வழக்கின் கேள்வி. ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்லி உங்களை நான் திசைதிருப்ப மாட்டேன். ஆனால் தேடுபெட்டிக்குள் போகத் தகுதியான கேள்வி இது ஒன்றுதான் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இப்போது கணினியைத் திறக்கலாம்.

கட்சிக்காரர் சொன்ன கதையின் சொற்களை இட வேண்டாம். தம்பி, அக்கா, வயல், சண்டை என்பவை தீர்ப்புகளில் அரிதாகவே வரும். தீர்ப்பு எழுதும் நீதியரசர் எந்தச் சொற்களை எழுதியிருப்பார் என்று நினைத்து அவற்றை இடுங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால் தேடலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் முழுமையாக இடுங்கள். அதோடு பிரிவு இலக்கத்தைச் சேருங்கள், பிறகு வாழ்க்கைத் துணை, பின்னுரித்தாளர், மூன்றாம் அட்டவணை என்பவற்றுக்குச் சட்டம் பயன்படுத்தும் அதே ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். மேற்கோள் குறி இல்லாமல் இட்டால் காணி ஒரு பக்கத்திலும் அபிவிருத்தி இன்னொரு பக்கத்திலும் இருக்கிற, நகர அபிவிருத்தி வழக்குகள் முதற்கொண்டு எல்லாம் வந்துவிடும். முடிவுகள் இருநூறு வந்தால் ஒரு சொல்லைக் கூட்டுங்கள். இரண்டே வந்தால் ஒன்றைக் குறையுங்கள்.

பிரிவு இலக்கத்தை நீதியரசர்கள் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஒருவர் செக்‌ஷன் என்று முழுதாக எழுதுவார், இன்னொருவர் எஸ் என்ற எழுத்தோடு புள்ளி வைப்பார். பழைய தீர்ப்புகளில் சட்டத்தின் பெயரே முழுமையாக இல்லாமல் அத்தியாய இலக்கம் மட்டும் இருக்கும். 1956ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 464ஆம் அத்தியாயம். ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 1938ஆம் ஆண்டுத் தொகுப்பில் 55ஆம் அத்தியாயமாகவும் 1956 தொகுப்பில் 68ஆம் அத்தியாயமாகவும் இருந்தது. இந்த இலக்கங்களையும் மாற்றுச் சொற்களாக இட்டால், பெயரை மட்டும் இட்டுத் தேடுபவருக்குக் கிடைக்காத தீர்ப்புகள் உங்களுக்குக் கிடைக்கும்.

மாற்றுச் சொற்களை "ஓர்" (OR) என்ற கட்டளையால் இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள், கட்டாயம் வேண்டியவற்றை "அன்ட்" (AND) என்பதால் இணையுங்கள். ஒரு சொல்லுக்கு அருகில் இன்னொன்று வர வேண்டும் என்று கேட்கும் வசதியும், சொல்லின் வேரை மட்டும் இட்டு நட்சத்திரக் குறி போட்டு எல்லா வடிவங்களையும் பிடிக்கும் வசதியும் பல தளங்களில் உண்டு. தளத்துக்குத் தளம் குறிகள் மாறும். ஆகவே உதவிப் பக்கத்தை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். கட்டணம் செலுத்தியும் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

ஒரு சொல்லை விலக்கும் "நொட்" (NOT) என்ற கட்டளையில் மட்டும் கவனம். தேசவழமை வழக்குகள் தொந்தரவு செய்கின்றன என்று அந்தச் சொல்லை விலக்கச் சொன்னால், "இந்தத் தரப்பினர் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் அல்லர்" என்று எழுதிய தீர்ப்பும் மறைந்துவிடும். கிழக்கு மாகாணத்தவருக்கு மிகவும் வேண்டியது அப்படிப்பட்ட தீர்ப்புத்தான். தேசவழமை என்பதை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சிங்கள, தமிழ்ப் பெயர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கட்சிக்காரர் பெயரால் தேடிக் கிடைக்கவில்லையென்றால் தீர்ப்பு இல்லை என்று முடிவு கட்டாமல், வழக்கிலக்கத்தாலோ அறிக்கைக் குறிப்பாலோ தேடிப் பாருங்கள்.

அறிக்கைக் குறிப்பு என்றதும் கூட்டுரிமைக் காணியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பெர்மிட் வழக்குகளைவிட உறுதிக் காணி வழக்குகளிலேயே உங்கள் தேடல் நேரம் அதிகம் போகும். ஒரு சகோதரர் நீண்ட காலம் தனியே ஆண்ட குடும்பக் காணி முழுவதற்கும் அவர் ஆட்சியுரிமை கோரலாமா என்ற கேள்விக்கு அடித்தளம் கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கு. 1911, நியூ லோ ரிப்போர்ட்ஸ் (என்.எல்.ஆர்.) 15ஆம் தொகுதி, 65ஆம் பக்கம். அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான, இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு. ஒரு கூட்டுரிமையாளரின் ஆட்சி எல்லாக் கூட்டுரிமையாளரின் ஆட்சியாகவே கருதப்படும் என்கிறது. இதையே சிலர் கொரேயா எதிர் அப்புஹாமி என்று எழுதுவார்கள். இங்கிலாந்தின் அப்பீல் கேசஸ் 1912ஆம் ஆண்டுத் தொகுதி 230ஆம் பக்கத்திலும் அதுவே இருக்கிறது. என்.எல்.ஆர். என்பதில் புள்ளி வைத்தும் வைக்காமலும், இடைவெளி விட்டும் விடாமலும் இட்டுப் பாருங்கள்.

இந்தத் தீர்ப்பு கையில் கிடைத்தவுடன் அதன் குறிப்பையே தேடற்சொல்லாக்கி மீண்டும் தேடுங்கள். அதைப் பின்பற்றிய, வேறுபடுத்திய, விளக்கிய தீர்ப்புகள் எல்லாம் வரிசையாக வரும். 1918இல் தீர்க்கப்பட்டு 21ஆம் தொகுதி 12ஆம் பக்கத்தில் வெளியான திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கும் வரும். நீண்ட கால ஆட்சியும் அதோடு சேர்ந்த சூழ்நிலைகளும் இருந்தால், மற்றக் கூட்டுரிமையாளர் வெளியேற்றப்பட்டதாக ஊகிக்கலாம் என்று அது கொரேயா தீர்ப்புக்கு ஒரு வழி திறந்தது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவருக்கு இரண்டாவது எதிர்த்தரப்பிலிருந்து வரும். நல்ல தீர்ப்பொன்றைக் கண்டுபிடித்த பிறகு தேடுபெட்டியின் சொற்களை அந்தத் தீர்ப்பிலிருந்தே எடுப்பது, எனக்குத் தெரிந்தவரை, சட்டத் தேடலில் மிகப் பயனுள்ள பழக்கம். நீதியரசர் பயன்படுத்திய ஆறேழு சொற்கள் கொண்ட ஒரு தொடரை மேற்கோளுக்குள் இட்டுப் பாருங்கள். அதை எடுத்தாண்ட பிந்திய தீர்ப்புகள் அப்படியே எழுந்து வரும்.

பழைய தொகுதிகள் அச்சுப் பக்கங்களிலிருந்து இயந்திரத்தால் வாசிக்கப்பட்டு ஏற்றப்பட்டவை. எழுத்துகள் உடைந்திருக்கும். சில தீர்ப்புகள் வெறும் படங்களாகவே பிடிஎஃபில் இருக்கும். அவற்றுக்குள் எந்தத் தேடலும் நுழையாது. நீதிமன்றத் தளங்களில் ஆண்டு, மாத வாரியான பட்டியலைத் திறந்து கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லாத நேரங்களும் உண்டு. வீட்டில் என்.எல்.ஆர். தொகுதிகளை வைத்திருக்கும் மூத்த சட்டத்தரணிகள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு விஷயம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய தீர்ப்புகளில் இன்றைய அம்பாறைக் கரையோரக் காணிகளும் மட்டக்களப்பின் பெயரிலேயே வருகின்றன. திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ இருக்கும் காணிக்குப் பழைய வழக்கு தேடும்போது ஊர்ப் பெயரோடு நின்றுவிடாமல் மட்டக்களப்பையும் இடுங்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கிலக்கத்தின் முன்னால் அந்தப் பெயர் இருக்கும். எல்லைத் தகராறுகளில் பழைய தீர்ப்பொன்று அதே காணியைப் பற்றியதாகவே கிடைத்துவிடுவதும் உண்டு.

எந்த நீதிமன்றத்தின் தளத்தில் தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து மேன்முறையீடு முன்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அது மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றங்களுக்குப் போகிறது, அங்கிருந்து அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்துக்கு. ஆகவே அண்மைக் கால உறுதிக் காணி வழக்குகளை உயர் நீதிமன்றத் தளத்தில் தேடுங்கள். பிரதேச செயலாளரின் முடிவை எதிர்த்த எழுத்தாணை (ரிட்) வழக்குகளை மேன்முறையீட்டு நீதிமன்றத் தளத்தில் தேடுங்கள். பெர்மிட் காணிப் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாகவே மேலே போகின்றன. உங்கள் கேள்விக்கு விடை தரக்கூடிய தீர்ப்பும் அங்கிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் பழைய எழுத்தாணைத் தீர்ப்பொன்று கிடைத்தால் அதன் பிந்திய கதையைப் பாருங்கள். அரச காணியிலிருந்து வெளியேறுமாறு கொடுக்கப்படும் அறிவித்தலை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்ட வழக்குகள் முன்பு இருந்தன. 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி ஸ்டாஃபோர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம், அத்தகைய விண்ணப்பத்தை விசாரிக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் (விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்று தீர்த்தது. அதற்கு முந்திய தீர்ப்பை நம்பி ஒருவர் தவறான நீதிமன்றத்தில் மனுப் போட்டால், கட்சிக்காரரின் காலமும் பணமும் வீணாகும். நமது இலவசத் தளங்களில் "இத்தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டது" என்று சிவப்பு விளக்கு எரியாது. வழக்கின் பெயரையும் இலக்கத்தையும் இட்டு, திகதி வரிசையில் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் பார்ப்பதே ஒரே வழி.

ஒரு தீர்ப்பைத் திறந்தவுடன் திகதி, நீதியரசர்கள் எத்தனை பேர், இறுதிக் கட்டளை என்ன என்று மூன்றையும் பாருங்கள். அதன் பிறகு வாசியுங்கள். தேடற்சொல் மஞ்சள் நிறத்தில் ஒளிரும் பத்தி பல நேரங்களில் தோற்ற தரப்பின் வாதமாகவோ மாறுபட்ட நீதியரசரின் கருத்தாகவோ இருக்கும். தீர்ப்பின் தலையில் சுருக்கமாக இருக்கும் தலைக்குறிப்பை மட்டும் வாசித்துவிட்டு நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். தலைக்குறிப்பை எழுதியவர் அறிக்கையின் பதிப்பாசிரியர்.

தமிழில் தேடுவது பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பொதுத் தேடுபொறியில் தமிழில் காணி வாரிசு என்று இட்டால் முதல் பக்கத்திலேயே தமிழ்நாட்டுத் தகவல் வந்துவிடும். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வட்டாட்சியர் என்று கண்டால் அது நமக்கானதில்லை என்று உடனே விலகுங்கள். அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநில அளவிலான நீதிமன்றம், நமக்கு அது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். அதே நேரத்தில் தமிழ்த் தேடலுக்கு அருமையான ஒரு பயன் உண்டு. நம் பகுதி நீதிமன்றங்களில் வழக்கேடுகள் தமிழில் இருக்கின்றன. அரசாங்க அச்சகத் தளத்தில் அண்மைச் சட்டங்கள் மும்மொழியிலும் கிடைக்கின்றன. ஆங்கிலப் பாடத்தையும் தமிழ்ப் பாடத்தையும் அருகருகே திறந்து வைத்து, சட்டமே பயன்படுத்தும் தமிழ்ச் சொற்களை உங்கள் முறைப்பாட்டில் எழுதுங்கள். மொழிப் பாடங்களுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பாடமே மேலோங்கும் என்று அண்மைக் காலச் சட்டங்களின் முடிவில் இருக்கிறது. ஆகவே ஒரு சொல்லில் வழக்கே தொங்குமானால், சிங்களம் தெரிந்த ஒருவரை அருகில் இருத்தி அதையும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா என்று இப்போது இளையவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியை ஒழுங்குபடுத்தவும், எந்தச் சட்டத்தைப் பார்க்கலாம் என்று யோசிக்கவும் கேளுங்கள். அது தரும் வழக்கின் பெயரை மூலத்தில் திறந்து பார்க்காமல் ஒருபோதும் எழுத வேண்டாம். 2023 ஜூனில் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகளும் அவர்களுடைய நிறுவனமும் 5,000 டொலர் தண்டம் செலுத்தும்படி ஆனது. அரட்டை இயந்திரம் கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மெய்யானவை என்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததுதான் காரணம். இலங்கைச் சட்டம் பற்றி இணையத்தில் இருக்கும் எழுத்து ஏற்கெனவே குறைவு. இல்லாத வழக்கை இருப்பதுபோலச் சொல்லும் ஆபத்து நமக்கு இன்னும் அதிகம்.

தேடும்போது பக்கத்தில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளம், எந்தச் சொற்கள், எந்த நாள், என்ன கிடைத்தது, எதை ஏன் விலக்கினீர்கள் என்று எழுதுங்கள். மூத்தவரிடம் போகும்போது தீர்ப்பின் முழுப் பிரதியையும், பொருந்தும் பத்தியைக் கோடிட்டு, உங்களுக்கு எதிரான தீர்ப்பையும் சேர்த்துக் கொண்டு போங்கள். "பொருந்துகிற ஒன்று" என்று அவர் கேட்டது ஒரு தாளைத்தான் என்றாலும், அதற்கு எதிரான தாளையும் நீங்களே கொடுத்தால் அவர் உங்களை நம்பத் தொடங்குவார்.

தளத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒன்று உங்கள் வழக்கில் இருக்கிறது. பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் எவரும் இல்லை என்றே இதுவரை எடுத்துக்கொண்டோம். அதை யார் சொன்னது? கட்சிக்காரரா? தந்தை யாரையாவது பெயர் குறித்திருந்தால் அது பிரதேச செயலகத்தின் காணிப் பதிவுகளில் இருக்கும். காணிப் பதிவகத்திலும் பார்க்க வேண்டும். அப்படி ஒரு பெயர் இருந்தால் மூன்றாம் அட்டவணைக்கே போக வேண்டியதில்லை. அப்போது கேள்வி 68ஆம் பிரிவுக்கு மாறும். பெயர் குறிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணியை ஆட்சியில் எடுத்தாரா என்று அந்தப் பிரிவு கேட்கிறது. தாய் இறந்தது 2023இல் என்பதால் அந்தக் காலக்கெடு உங்களுக்கு மிக முக்கியமாகிவிடலாம். அடுத்த தேடலைத் தொடங்குவதற்கு முன்பு கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், காணி உத்தியோகத்தரிடம் அந்தப் பதிவின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். இரண்டு மரணச் சான்றிதழ்களையும் பெர்மிட்டின் மூலப் பிரதியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.